பூட்டிய வீட்டு ரீடிங்

தேவகோட்டையில் என் பொறுப்பில் நானூற்றுச் சொச்சம் மீட்டர்.
பாதிக்கு மேல் பூட்டிய வீடு.
சாவிக்காரர் வரும்வரை வாசலில் நிற்பேன்.
திறந்தாலும் போன தடவை எழுதிய எண்தான்.
எண்ணில் எண் போனால் பூஜ்யம்.

இரண்டாம் சனிக்கிழமைக்கு இன்னொரு நோட்டு.
தொண்டிக்கு முதல் பஸ்,
சீனி முகமதுவின் ஃபைபர் படகு.
கரை கண்ணை விட்டுப் போகும்வரை ஓட்டச் சொல்வேன்.
"மீனுக்கில்லாம கடலுக்கு வர்ற ஒரே ஆளு"
என்று டீசல் காசு மட்டும் வாங்கிக்கொள்வார்.
கொக்கு, உள்ளான், கடற்காகம்
எதையும் எழுதுவதில்லை.
மண்ணில் கால் வைப்பதற்கு என் நோட்டில் இடமில்லை.

தை. வாடைக்காற்று, பைனாகுலரில் உப்பு. இல்லை.
மாசி. மிதந்த தெர்மாகோல் துண்டைப்
பறவை என்று கால்மணி நேரம் நம்பினேன். இல்லை.
பங்குனி இல்லை.
சித்திரையில் விசைப்படகுக்குத் தடை,
கடல் தனக்குத்தானே பேசுவது கேட்டது.
ஆமை ஒன்று தலை நீட்டிப் பார்த்தது.
அதுவும் முட்டையிடக் கரையேறும்.
கணக்கில் வராது.

ஆனியில் கச்சான் கிளம்பியதும்
சீனி முகமது எஞ்சினை நிறுத்தி விரல் நீட்டினார்:
"நடக்குருவி."
கையளவு கறுப்பு. இடுப்பில் ஒரு வெள்ளைக் கீற்று.
அலைமேல் கால் தட்டித் தட்டி,
சுடுமணலில் செருப்பில்லாமல் ஓடும் பிள்ளையைப்போல.
மூன்று. இல்லை, நான்கு.
எழுதும்போது பென்சில் முனை உடைந்தது.

ஆடியில் வெட்டுவான்.
இதுவும் அவர் வைத்த பெயர்தான்.
இறக்கையை அடிக்காமல், சாய்ந்து,
அலையின் உதட்டை நனையாமல் அறுத்துப் போகும்.
பதினொன்று வரை எண்ணினேன்.
பிறகு குடலே வெளியே வந்ததுபோல் வாந்தி.
"பன்னெண்டாவது போச்சு" என்று சிரித்தார்.

ஆவணி இரண்டு. புரட்டாசி இல்லை.
ஐப்பசிக் கடைசியில் புயல்.
ஊரில் இரண்டு நாள் கரண்ட் இல்லை.
திரும்பி வந்த அன்று சாயங்காலம்
வெள்ளைக்கண்ணு போன் செய்தார்.
"மெ.சித. வீட்டு முற்றத்துல ஒண்ணு விழுந்து கெடக்கும்மா.
காக்காயும் இல்ல, புறாவும் இல்ல."

கருத்த முதுகு, வெள்ளை நெற்றி, பிளந்த வால்.
ஆலா. நடுக்கடல் ஆலா.
பறந்தபடியே தூங்குவது.
ஆத்தங்குடிக் கல்லில் அதன் கால்
நிற்கத் தெரியாமல் வழுக்கியது.
மண் தொட்டு நாலைந்து வருஷம் இருக்கும் என்றேன்.
"வீட்டுக்காரவுகளும் அப்படித்தான்"
என்றார், சிரிக்காமல்.

பிஸ்கட் அட்டைப்பெட்டி. பழைய வேட்டி.
பக்கத்தில் ஒரு நூறு வாட் குண்டு பல்பு.
ராத்திரி ஏழிலிருந்து விடியல் ஐந்து வரை
வெள்ளைக்கண்ணு முழித்திருந்தார்.

பஸ்ஸில் கண்டக்டர் மோந்து பார்த்தார்.
"கருவாடா?"
ஆமாம் என்றேன்.

கரை மறைந்த இடத்தில் திறந்தோம்.
முதலில் என் கையில் கக்கியது.
பிறகு இறக்கையை விரித்தது, அவ்வளவுதான்,
மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொண்டது.
போனது மேற்கே, கரையைப் பார்த்து.
வேண்டாம் வேண்டாம் என்று கத்தினேன்.
சீனி முகமது ஒன்றும் சொல்லவில்லை.
பெரிதாக ஒரு வட்டம் போட்டுத்
தலைக்கு மேல் திரும்பி,
கிழக்கே மழை தொங்கிய இடத்துக்குள்
நுழைந்ததுவரை தெரியும்.

நோட்டைத் திறந்தேன்.
கல்லில் கால் வைத்ததை எப்படி எழுதுவது?
மூடினேன்.

மார்கழியில் மெ.சித. வீட்டு முறை.
வெள்ளைக்கண்ணு டார்ச் அடிக்க
மீட்டரின் கண்ணாடியைத் துடைத்தேன்.
போன தடவை 4417.
இப்போது 4418.
நூறு யூனிட் வரை இலவசம்,
கட்டவேண்டிய தொகை ஒன்றுமில்லை.
அட்டையில் எழுதி, தேதி போட்டு,
ஆணியில் மாட்டினேன்.
"ஒண்ணுதானா?" என்றார் அவர்.