பதினொரு நிமிட மலை

பீடோருக்குப் பின்னால் இந்த மேடு
போன வருஷம்வரை எனக்குப் பதினொரு நிமிடம்.
பதினொன்று இருபது, மழை நாளில்.

முழங்கால் ஜவ்வு கிழிந்தபின்
டாக்டர் லிம் சொன்னார்:
நட. ஓடினால் என்னிடம் வராதே.

நடக்கிறேன்.
செம்பனை முடிந்து காடு தொடங்கும் இடத்தில்
ஒரு தண்ணீர்க்குழாய் இறங்குகிறது.
காதை வைத்தால்
உள்ளே யாரோ அரிசி களைகிறார்கள்.

காலுறையில் அட்டை.
ஓடியவளை அது பிடித்ததே இல்லை.
திட்டிக்கொண்டே எடுத்து இலையில் விட்டேன்.

"அக்கா, வழி!"
கோமளாவும் ஃபைசாலும் மற்றவர்களும்
தடதடவென்று தாண்டிப் போனார்கள்.
பொறாமைதான், இல்லையென்று ஏன் சொல்ல?
அந்த வியர்வை நாற்றம்கூட வேண்டியிருந்தது.

அவர்கள் சத்தம் அடங்கியதும்
தலைக்கு மேல் ஒரு இருவாச்சி.
சிறகடிக்கும் ஒவ்வொரு தடவையும்
அதற்கு மூச்சிரைத்தது,
கடைசி ஏற்றத்தில் எனக்கு இரைப்பதுபோல.

உச்சிக்குப் போகவில்லை.
பாதியில் வெயில் குடித்த பாறை.
கட்டுப் போட்ட காலை அதன்மேல் நீட்டி
காயா தடவிய ரொட்டியைத் தின்றேன்.
கீழே ஆலைப் புகை, லாரிகள்,
எங்கள் வீட்டுத் தகரம் எதுவென்று
வெகுநேரம் தேடினேன்.

இறங்கி வந்து பார்த்தால்
பைக்குள் கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.
மூன்று மணி நாற்பது நிமிடம்.
இந்த மலையில்
யாரும் இதுவரை எடுக்காத நேரம்.