மருந்தடித்த இடங்கள்

ஜூன் ஞாயிறு, ஏழரை மணி.
பீடோர் பசார் முனையில் பதினோரு பேர்,
கழுத்தில் பூதக்கண்ணாடி,
காலுறைக்குள் அட்டைக்கு உப்பு.

செம்பனை வரிசை முடிகிற ஓடைக்கரையில்
சியூ லிங் மண்டியிட்டாள்
ஓர் ஊதாப் பூவின் முன்.
"செண்டுடுக். இந்த மண்ணுக்கே உரியது."
மூச்சடக்கிப் படமெடுத்தார்கள்.

பதினாலு வருசம் முதுகில் டாங்கி சுமந்து
இதன் மேல்தான் மருந்தடித்தேன்.
செக்ரோலில் இதற்குப் பெயர் களை.

சுலைக்கா பழம் தின்று
கறுத்த நாக்கை நீட்டிக் காட்டினாள்.

"வேறெங்கே முளைக்கும், தெரியுமா அக்கா?"

தெரியும்.
அடித்து முடித்த இடமெல்லாம் தெரியும்.
மறுமாதமே திரும்பி வந்த இடமும்.

நாலாம் நம்பர் காட்டுப் பக்கம்
முன்னால் நடந்தேன்.
இடது கை மட்டும்
இல்லாத பம்பை
அடித்துக்கொண்டே வந்தது.