பதினான்காம் வரிசை, இடது ஓரம்

அரங்கத்தை இன்னும் எங்களிடம் தரவில்லை.
வியாழன்வரை அங்கே பள்ளிக்கூட இசைக்குழு.
ஆகவே அவெய்ரூவின் கால்வாய்க்கரையில்
மீன்கடைக்கு மேலிருக்கும் என் அறையில்
மடிக்கணினிக்குள் அதைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

மேடை பதினோரு மீட்டர்.
தொங்கு கம்பிகள் ஏழு. விளக்குகள் அறுபத்து நான்கு.
ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு சாய்வு, ஒரு நிறம்.
திரையில் எந்த விளக்கும் சுடுவதில்லை.
ஏணி வேண்டாம். கையுறை வேண்டாம்.
புகைகூட வெறும் கோடுதான்:
வலப்பக்கம் இழுத்தால் மூடுபனி,
இடப்பக்கம் இழுத்தால் துடைத்த கண்ணாடி.

நடிகர்களுக்குப் பதில் சாம்பல்நிறப் பொம்மைகள்.
எல்லோருக்கும் ஒரே உயரம்,
நூற்று எழுபத்தைந்து சென்டிமீட்டர், முகம் கிடையாது.
பெனெதித்தாவுக்கு மட்டும் குறைத்தேன்,
அவள் என் தோளுக்குத்தான் வருவாள்.
குறைத்து, ஜன்னலருகே நிறுத்தினேன்.
அங்கே நின்றுதான்
அந்தக் கடிதத்தைப் பிரிக்காமலே கிழிப்பாள்.

இயக்குநர் எவரிஸ்தோ போனில்:
"மூன்றாம் காட்சியில் விடியல் வேண்டும் ஸுல்மிரா,
ஆனால் நம்பிக்கை வேண்டாம்."
சரி என்றேன்.
நம்பிக்கையில்லாத விடியல் என்பது
வெளிர்நீலம், நாற்பது சதவீதம்,
பன்னிரண்டு நொடி ஏறுமுகம்.
படமாக்கி அனுப்பினேன்.
பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.

இரவு ஒன்றரை மணிக்கு
யாரும் சொல்லாத ஒரு வேலையைச் செய்தேன்.
இந்த மென்பொருளில் பார்வையாளராகவும் உட்காரலாம்.
எந்த இருக்கையைத் தொட்டாலும்
கண் அங்கே போய்விடும்.
முன்வரிசையில் முழங்கால்கள்.
மாடத்தில் உச்சந்தலைகள்.
நானூற்றுப் பன்னிரண்டு இருக்கைகளில்
தேநீர் ஆறிப் பாடை கட்டும்வரை
உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன்.

பதினான்காம் வரிசை, இடது ஓரம்:
தூண்.
மேடையென்று மிஞ்சியது
ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு முழம்.

காசு கொடுத்து வந்த மனிதர்
இரண்டு மணி நேரம் சிமெண்டையா பார்ப்பார்?
தூணை நகர்த்தினேன். சுட்டி ஒப்புக்கொண்டது.
கட்டடம் ஒப்புக்கொள்ளாது.
இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன்.

பிறகு நாற்பத்தொன்பதாம் விளக்கைக்
கணுக்கால் உயரத்துக்கு இறக்கிப்
பக்கவாட்டில் திருப்பினேன்.
பெனெதித்தாவின் நிழல் எழுந்து, நீண்டு,
அந்த ஒரு முழச் சுவரில் போய் நின்றது,
கிழிக்கப்போகும் கை உட்பட.
எவரிஸ்தோவிடம் மூச்சு விடவில்லை.

முதல் காட்சி நாள். மழை. அரங்கு நிறைந்துவிட்டது.
இடைவேளை மணி அடித்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன்.
அந்த இருக்கையில்
கைகளை இருபக்கமும் விரித்தபடி ஒரு கோட்டு.
சீட்டு கொடுக்கும் அனாக்லெத்தோ வந்தார்.
"அதை நாங்கள் விற்பதே இல்லையே, தூண் மறைக்கும்.
கோட்டு என்னுடையது.
காயட்டுமே என்று போட்டேன்."

எனக்குச் சிரிப்பு வர
நான்காம் காட்சிவரை ஆயிற்று.
இருபது வருடமாய் விற்காத நாற்காலிக்கு
ஒரு விளக்கு, பாதி ராத்திரி.

மறுநாளும் மழை.
விளக்கு மேசையை
உதவியாளன் திபூர்சியோவிடம் விட்டுவிட்டு
கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு
நானே உட்கார்ந்தேன்.
தூணின் பெயின்ட்டில்
யாரோ நகத்தால் கீறிய இரண்டு எழுத்து.
என் வரைபடத்தில் அது இல்லை.
குரல்கள் இடமிருந்து வலமாகப் போயின, வந்தன.
யாருக்கோ இருமல்.
விடியல் ஏறியது. மனசுக்குள் எண்ணினேன், பன்னிரண்டு.
நிழல் வந்தது.

திரையில் அதன் விளிம்பு கத்தியாக இருந்தது.
இங்கே பிசிறடித்து, லேசாக ஆடியது.
கடிதத்தைக் கிழிப்பதற்கு முன்
சபைக்கு முதுகைக் காட்டித் திரும்பி,
மற்ற நானூற்றுப் பதினோரு பேரும்
அழுகிறாள் என்று நினைத்திருக்கும் நேரத்தில்,
புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டது.

பெனெதித்தாவுக்கு நேற்றிலிருந்தே சளி.
மடியில் கோட்டின் ஈரம்
என் பாவாடைவரை இறங்கியிருந்தது.