ஒரு கட்டம் தள்ளி

ஊரம்புச் சந்தையில் கடைக்காரர் கேட்டார்:
"வீட்ல கல்யாணமா டீச்சரே, இவ்வளவு பொட்டு?"
நிலநடுக்கத்துக்கு என்றேன்.
மீதிச் சில்லறையைத் தட்டில் வைத்தவர்
அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

சிவப்பு, ஆழம் குறைந்தது.
மஞ்சள் நடுவாந்தரம். பச்சை அடியாழம்.
நான்கு சார்ட் பேப்பரை மைதாப் பசையால் ஒட்டி
ஒன்பதாம் வகுப்பின் தரையில் விரித்தோம்.
நீரோடிக் காற்றுக்கு அது பிடிக்கவில்லை;
இந்தியப் பெருங்கடலை ஒரு முனையிலிருந்து
சுருட்டத் தொடங்கியது.
ஷிஜின் ஓடிப்போய் வலைக்குண்டுகள் கொண்டுவந்தான்.
ஆப்பிரிக்கா மேல் இரண்டு, ஆஸ்திரேலியா மேல் மூன்று.
கடல் படுத்துக்கொண்டது.

நான் பட்டியலை வாசித்தேன், அவர்கள் ஒட்டினார்கள்.
ஜெபிஷா அட்சத்தையும் தீர்க்கத்தையும் மாற்றிப் பிடித்ததில்
சுமத்ராவின் நடுக்கம் ஒன்று
வடதுருவத்தையும் தாண்டி
வாசற்படியில் போய் விழுந்தது.
சிரிப்பு அடங்க ஒரு பீரியடில் பாதி போயிற்று.

எண்பதாவது பொட்டுக்கு மேல் சத்தம் இல்லை.
யாரும் சொல்லாமலே புள்ளிகள் வரிசை கட்டின.
மேற்கே, அரபிக்கடலுக்குக் கீழே, சிவப்பு மட்டும்,
தையல் விட்டுப்போன சட்டை மாதிரி.
கிழக்கே, அந்தமான் தொடங்கி ஜாவா வரை
முன்னால் சிவப்பு, அதன் பின்னால் மஞ்சள்,
இன்னும் பின்னால் பச்சை.
ஒரு தரை இன்னொரு தரைக்கு அடியில்
சரிந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது என்று
ஐந்து ரூபாய்ப் பொட்டு அட்டை சொல்லிற்று.

"நம்ம ஊரு மேல ஒண்ணுமே இல்லையே டீச்சரே."
விபின் குனிந்து எங்கள் கரையைத் தேடினான்.
கிழக்கிலிருந்த ஒரு சிவப்பிலிருந்து நூலை இழுத்தேன்.
இலங்கையின் தெற்கு முனையில் அது மடங்கி
வந்து இங்கே தொட்டது.
இவர்கள் யாரும் அன்று பிறந்திருக்கவில்லை.
ஆனால் கல்லறைத் தோட்டத்தில் ஒரே தேதியை
எத்தனை தடவை வாசித்திருப்பார்கள்.
மணி அடித்து எல்லோரும் எழுந்து போனபோதும்
நூலை ஒருவர்கூட மிதிக்கவில்லை.

மறுவாரம் கடலடி.
தெர்மோகோல் மீன்பெட்டிக்குள் களிமண்ணால் தரை.
மூடியில் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு துளை.
ஈர்க்குச்சியை இறக்கி, முட்டும் இடத்தில் நகம் வைத்து,
எடுத்து அளந்து, சுவரிலுள்ள படத்தில் எண்ணை எழுத வேண்டும்.
ஒரு சென்டிமீட்டர் பத்துப் பாகம்.
பெட்டி இன்னும் மீன் மணத்தது.

டெல்சி தன் பெட்டியை வீட்டிலேயே செய்து வந்திருந்தாள்,
அப்பாவின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து.
குச்சி சரசரவென்று இறங்கிக்கொண்டே போய்
ஏழாவது துளையில் டக்கென்று நின்றது.
மேடு. மீனெல்லாம் கூடுகிற பார்.
அவள் எழுந்து போய்
எட்டாவது கட்டத்தில் எழுதினாள்.

நான் பக்கத்தில்தான் நின்றேன்.
"ஏழு இல்லையா?"
ஷிஜினை ஓரக்கண்ணால் பார்த்தாள்.
அவன் மாமா பொழியூர் போட்டில் போகிறவர்.
"அப்பா யாருட்டயும் பறையாண்டாம்னு சொல்லீருக்காரு,"
என் காதுக்கு மட்டும் வந்தது அது.
"எட்டுல யாரு தேடினாலும் ஒண்ணும் கிடைக்காது."

தவறான படம் வரைய
எந்தப் பாடத்திட்டத்திலும் மதிப்பெண் இல்லை.
பத்துக்குப் பத்து போட்டேன்.
பார்வையிட வந்த அதிகாரி
சுவரின் முன் வெகுநேரம் நின்று
அளவுகளின் துல்லியத்தைப் பாராட்டிவிட்டுப் போனார்.
டெல்சி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேற்றிரவு பதினொன்றரைக்குப் போன்.
"டீச்சரே, நிக்கோபார் பக்கம் ஒண்ணு அடிச்சிருக்கு.
ஆழம் பத்து. சிவப்பு மிச்சம் இருக்கா?"
கடைசி அட்டையில் இரண்டே இரண்டு இருந்தன.
பேனா தேடி, "அட்சம் சொல்லு" என்றேன்.
பின்னால் அவள் வீட்டு அலைச் சத்தம்.
இந்தத் தடவை
தசமம் விடாமல் சொன்னாள்.