பத்து நொடி

செய்தி வாசிக்க எங்களுக்கு உரிமமில்லை.
பாட்டுப் போடலாம், குழம்பு வைக்கச் சொல்லித் தரலாம்,
மழை வருமா என்று கேட்கலாம்,
வந்த மழை யார் வீட்டுக்குள் வந்தது என்று
பேட்டி எடுக்கலாம்.

பெரும்பாக்கம், எட்டாவது மாடி.
லிஃப்ட் நின்று நாளாயிற்று.
சுவரெல்லாம் முட்டை அட்டை,
கறிக்கடை பாய் சும்மா கொடுத்தது;
சித்திரை வெயிலில் இன்னமும் கோழி வாசம் வரும்.
சிவப்பு விளக்கு எரிந்தால்
மின்விசிறியை நிறுத்த வேண்டும்.
வியர்த்தபடி சொல்வேன்:
வணக்கம், இது தொண்ணூறு புள்ளி எட்டு.
ஐம்பது வாட்ஸ்.
துரைப்பாக்கம் தாண்டினால் நாங்கள் வெறும் இரைச்சல்.

பூவிழிக்கு நர்சிங் சீட்டு கிடைத்துவிட்டது.
சாதிச் சான்றிதழ் கிடைக்கவில்லை.
இருளர்னா ஒரு பாம்பைப் பிடிச்சுக் காட்டு
என்றாராம் மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருந்தவர்.
கரப்பான்பூச்சிக்கே கட்டில்மேல் ஏறுகிறவள் பூவிழி.

இது செய்தி. சொல்லக் கூடாது.
அதனால் நேயர் விருப்பத்தில் சொன்னேன்:
அடுத்து, பதினோராம் பிளாக் பூவிழி
விரும்பிக் கேட்பது
ஒரு கையெழுத்து.
அதைத் தொடர்ந்து
மாசி மகத்தன்று மணலில் உட்கார்ந்து பதிந்த
கன்னியம்மா பாட்டு.
அலை மைக்கின் மேலேயே ஏறியிருக்கும்,
பாதி வரி கடலுக்குப் போயிருக்கும்,
மீதியைத் தொட்டிச்சி இழுத்துப் பிடித்திருப்பாள்.

சடையனை உட்காரவைத்தது ஒரு வியாழக்கிழமை.
நல்லபாம்பின் கழுத்தைப் பிடிக்கிற கை
மைக்கைத் தொடப் பயந்தது.
கண்ணாடி விரியன்போலச் சீறிக் காட்டினார்,
மீட்டர் முள் சிவப்புக்குப் போனது,
சிரித்தோம்.
கட்டுவிரியன் மட்டும் சத்தமே போடாது என்றார்.
பிறகு கேட்டேன்,
அரிசி மில்லுல எத்தனை வருசம் இருந்தீங்க?

பதினான்கு நொடி.
திரையில் பார்த்துக்கொண்டே இருந்தேன்,
ஒரு நேர்கோடு,
உலர்ந்த வாய்க்கால் மாதிரி.
அதன் கடைசியில்,
தம்பி அங்கயே நின்னுட்டான், என்றார்.
எத்தனை வருசம் என்பதைச் சொல்லவே இல்லை.

வெட்டிடுங்க, என்றார் பயிற்சி தர வந்த பொறியாளர்,
அது செத்த காத்து.
நான் வெட்டவில்லை.

மெஷின் வெட்டியது.
பத்து நொடி ஒலி வராவிட்டால்
நிலையமே நின்றுபோனதாக அதற்கு நினைப்பு.
பதினோராவது நொடியில்
கை கழுவும் விளம்பரம் தானாக எழுந்து வந்தது,
குழந்தைகள் கோரஸாக,
சோப்பு போடு சோப்பு போடு என்று,
சடையனின் தம்பி மேல்.

மறுநாள் மாடி இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டேன்.
நல்லாத்தான இருந்துச்சு அந்தப் பாட்டு, என்றார்.
பேத்திக்குத் தலைவாரிக்கொண்டிருந்தார்.
சிக்கு எடுத்து முடித்தபிறகு கேட்டார்:
மறுபடி வரட்டா?

இந்த முறை மின்விசிறியை நிறுத்தவில்லை.
அதன் ஒரு இறக்கை கோணல்,
சுற்றுக்கு ஒரு டக்.
அதே கேள்வி.
இப்போது பத்தொன்பது நொடி.
டக். டக். டக்.
மெஷின் அதைப் பேச்சு என்று நம்பியது.
தம்பி அங்கயே நின்னுட்டான்
என்பது முழுசாக வெளியே போனது,
ஏரிமேல், தண்ணி லாரிகள்மேல்,
கண்ணாடிக் கட்டடங்களின் மேல்.

இரவு ஒன்பது ஐம்பதுக்கு ஒரு போன்.
ஏதோ ஒரு கம்பெனி கேட்டில் காவலாம்.
பெயர் சொல்லவில்லை.
பின்னால் கார்கள் ஹாரன் அடித்தன,
கேட்டைத் திறந்துவிட்டு வந்து திரும்பப் பேசினார்.
நெல் அவிக்கிற எடத்துல ப்ளோயர்
இப்படித்தாங்க சுத்தும்.
அதை இன்னொரு தரம் போட முடியுமா?
எந்த இடம் அண்ணா, என்றேன்.
அவரு பேசாம இருந்தாரே,
அந்த எடம்.

நேயர் விருப்ப நோட்டில் எழுதிக்கொண்டேன்,
பூவிழிக்குக் கீழே.
அவள் பெயர் முதல் வரியிலேயே இருக்கிறது,
நாற்பத்தியோராவது நாளாக.