ஷேடு கார்டு

டவுன் மேலரத வீதி பெயிண்ட் கடையில்
கலர் கலக்கும் மிஷினுக்கு நான்தான் ஆள்.
வெள்ளையில் மட்டும் முப்பத்தியோரு வெள்ளை தெரியும்.
சோற்று வெள்ளை, சங்கு வெள்ளை,
நீலம் கூடிப்போன வேட்டி வெள்ளை.
கம்பெனி வைத்த பெயர்கள் வேறு.

தம்பியின் நிச்சயதார்த்த ஆல்பம் வந்தது.
என் சிரிப்பு எந்த அட்டையிலும் இல்லாத நிறம்.
அவித்த பனங்கிழங்கு.

ஒரு மாதம்
எலுமிச்சம்பழமும் ஆப்பச்சோடாவும்.
காலையில் ஒரு தரம், கடையடைத்து வந்து ஒரு தரம்.
நுரைத்தது.
நுரைத்தால் வேலை நடக்கிறது என்றுதானே நினைப்போம்.
முதல் வாரம் வெளுத்த மாதிரிகூட இருந்தது.
பிறகு ஒரு விசேஷ வீட்டுப் பந்தியில்
சொதிச் சோற்றுக்கு இஞ்சிப் பச்சடி தொட்டேன்.
முன்பல் இரண்டும் விண்ணென்று தெறித்தன.
இலையை மடக்கிவிட்டேன்.

சமாதானபுரத்தில் மாடிப்படி ஏறினால் கிளினிக்.
டாக்டர் ஹெப்சிபா என் உதட்டைத் தூக்கி
பக்கத்தில் ஒரு பட்டையைப் பிடித்தார்.
வரிசையாகப் பீங்கான் பற்கள், அடியில் நம்பர்.
அட, நம்ம தொழில்.
"அந்த நாலாவது, டாக்டர், நாங்க வேட்டின்னு சொல்லுவோம்."
அவர் சிரிக்கவில்லை.
கண்ணாடியைக் கையில் கொடுத்தார்.
முன்பல் விளிம்பில் வெளிச்சம்
எண்ணெய் பட்ட காகிதத்தில் போல
உள்ளே நுழைந்து அந்தப் பக்கம் போயிற்று.

"மேல இருக்கது எனாமல். உள்ள இருக்கதுதான் மஞ்ச.
நீங்க தேய்க்கத் தேய்க்க
மஞ்சளுக்கு வழி விட்டிருக்கீங்க."

நான் விற்காத எனாமலா.
கேட்டுக்கு, ஜன்னல் கம்பிக்கு,
பேட்டை லாரி ஷெட்டுக்கு டின் டின்னாக.
உரிந்தால் எமரி போட்டுத் தூசி தட்டி
இன்னொரு கை அடித்தால் தீர்ந்தது.
"இதுக்கு எத்தனை கோட்டு டாக்டர்?"
"ஒண்ணு."
"தேஞ்சுட்டா?"
கையுறையை உருவிக்கொண்டே சொன்னார்:
"பல்லு முளைக்கதுக்கு முன்னாலயே அடிச்சு முடிச்ச கோட்டு.
அடிச்ச ஆளு போயாச்சு."

அன்றைக்கு வெளுக்கவில்லை.
அடுத்த மாதமும் இல்லை.
ஃபுளோரைடு பேஸ்ட், பூனை முடி போல ஒரு பிரஷ்.
புளிப்புத் தின்றால் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு
அரைமணி நேரம் பல்லைத் தொடக் கூடாது.
காயட்டும், கை வைக்காதீங்க என்று
நாள் முழுக்க ஊருக்குச் சொல்கிறவள்
சொந்த வாய்க்குக் காத்திருந்து பழகினேன்.

அப்புறம்தான் அச்செடுத்தார்.
என் பல்லுக்கு மட்டுமே பொருந்தும் கண்ணாடித் தொட்டி,
பல்லுக்கு ஒரு அரிசி அளவு ஜெல்,
ஈறில் வழிந்தால் துடைக்க வேண்டும்,
ஒருநாள் விட்டு ஒருநாள்.
மூன்றாவது இரவு சுரீர் என்றது.
கல்யாணத்துக்கு ஒன்பது நாள்.
பொறுத்துக்கொள்வோம் என்று படுத்தவள்
எழுந்து போன் போட்டேன்.
"முப்பிடாதி, தொட்டியைக் கழட்டுங்க.
நாலு நாள் நிறுத்துங்க."
நிறுத்தினேன். அந்த நாலு நாளும்
கலக்கிய டின்களில் எல்லாம் என் பல்லைத் தேடினேன்.

கல்யாணத்தன்று இரண்டு ஷேடு ஏறியிருந்தது.
யாரும் கவனிக்கவில்லை.
சங்கு இல்லை, வேட்டி இல்லை,
சரி, சோறு.
போட்டோக்காரப் பையன் மட்டும் கம்ப்யூட்டர் முன்னால் கேட்டான்:
"அக்கா, பல்லைக் கொஞ்சம் வெளுத்துரவா?"
"அடிச்சுக்கோடே.
அங்க எத்தனை கோட்டு வேணும்னாலும் தாங்கும்."

ஆல்பத்தை வாங்கிக்கொண்டு வரும்போது
ஜங்ஷனில் வெயில்.
நன்னாரி சர்பத்துக்கு எலுமிச்சை பிழியப் போன கையிடம்
வேண்டாம் என்றேன்.
பழம் இல்லாம என்ன சர்பத்து என்று
அவர் பாட்டுக்கு முணுமுணுத்தார்.
டம்ளர் நிறைய ஐஸ்.
பயந்துகொண்டே ஒரு வாய் குடித்தேன்.

ஒன்றும் தெறிக்கவில்லை.
இன்னொரு வாய்.