இடப்பக்கம் நான்கு

மேடைத் தரையில் எண்கள் ஒட்டியிருப்பார்கள்.
நடுவில் சைபர்.
அங்கிருந்து இருபுறமும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
சைபரில் கியோஹெய்.
நான் இடப்பக்கம் நான்கு.
பதினோரு வருடம் என் முகவரி அதுதான்.

என் படத்தை ஏஜென்சிக்கு அனுப்பியவள் அக்கா.
அவளுக்கு வேண்டியிருந்தது
அங்கிருந்த வேறொருவரின் கையெழுத்து.
அது வரவில்லை.
எனக்குத்தான் கடிதம் வந்தது.

ஏழு வருடம் பிறர் முதுகுக்குப் பின்னால் ஆடினோம்,
காலில் சக்கரம் கட்டி, கையில் விசிறி பிடித்து,
அவர்கள் சட்டை மாற்றும் பதினெட்டு நொடிக்குள்
கரணம் அடித்து.
பிறகொரு நாள் யோகோஹாமாவில்
வாடகைப் படகொன்றின் மேல்தளத்தில்
எங்களுக்கும் பெயர் வைத்தார்கள்:
அசானகி.
காலைக் கடலில் காற்று நின்றுபோகும் நேரம்.
அன்று அடித்த காற்றில்
துகுயோஷியின் தொப்பி கடலுக்குப் போனது.

ஆளுக்கொரு நிறம்.
சிவப்பு யாருக்கென்று சொல்லவே வேண்டாம்.
நீலம் யசுடோ, ஊதா இத்சுகி, மஞ்சள் துகுயோஷி.
மிச்சமிருந்தது கிளிப்பச்சை.
இருட்டில் ரசிகைகள் உயர்த்தும் விளக்குக் குச்சிகளை
ஆடிக்கொண்டே எண்ணுவேன்.
செந்தாய், முதல் சுற்றுப்பயணம்: பதினொன்று.
அதில் ஒன்று அக்கா.

கைகுலுக்கும் நாட்களில் ஆளுக்கு மூன்று நொடி.
நீகாதாவிலிருந்து வரும் ஒரு பெண்மணி
ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான் கேட்பார்:
இன்று மீன் சாப்பிட்டீர்களா?
நான் வாய் திறப்பதற்குள்
காவலர் அவர் தோளை நகர்த்திவிடுவார்.
ஆறு வருடம்.
பிறகு அவர் வரவில்லை.

காதல் கூடாதென்று எங்கும் எழுதியிருக்கவில்லை.
எழுதாததால் அழிக்கவும் முடியவில்லை.
வார இதழில் யசுடோவின் படம் வந்தது:
ஒரு கையில் வெங்காயத்தாள்,
மறு கையில் ஒரு பெண்ணின் குடை.
மன்னிப்புக் கடிதம் அவன் கைப்பட இருக்கவேண்டும் என்றார்கள்.
என் எழுத்து அழகென்பதால்
அவன் கைப்பட நான் எழுதினேன்.

நகோயாவில், ஒப்பனை அறையில்,
சாப்பாட்டுப் பெட்டியிலிருந்த ஊறுகாய்ப் பழத்தை
மூடிக்கு ஒதுக்கிக்கொண்டே கியோஹெய் சொன்னான்,
நான் விலகுகிறேன் என்று.
இத்சுகி அந்தப் பழத்தை எடுத்துத் தின்றான்.
கொட்டையைத் துப்பினான்.
அதன் பிறகுதான் அழுதான்.

நால்வருக்கு நடு கிடையாது.
நான் இடப்பக்கம் மூன்று ஆனேன்.
ஒரே ஓர் அடி உள்ளே.
கால் கேட்கவில்லை.
ஃபுகுவோகாவில் சிவப்பு விளக்குகள் அப்போதும் எரிந்தன,
ஆளில்லாத சைபரைப் பார்த்து.
அவன் வரி வந்தது. யசுடோ பாடவேண்டியது.
ஒலிவாங்கியில் மூச்சு மட்டும் கேட்டது.
பாட்டு தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஐந்து வருடம் அப்படியும் ஓடியது.
சமையல் நிகழ்ச்சி, பேய்வீடு, காய்ச்சல் மருந்து விளம்பரம்.
என் முழங்காலில் நீர் எடுத்தார்கள், இருமுறை.
கலைப்பு அல்ல, ஓய்வு என்றது அறிக்கை.
கீழே நால்வரின் கையெழுத்து.
இம்முறை அவரவர் எழுத்து.

கடைசி இரவு எண்ணக்கூடாது என்றிருந்தேன்.
எண்ணினேன்.
முந்நூற்றுச் சொச்சத்தில் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டு
துகுயோஷியின் மேல் மோதினேன்.
அரங்கமே சிரித்தது.
அவனும் சிரித்தான், பல் தெரிய, கேமராவுக்கு அல்லாமல்.
ஒத்திகை பார்க்காத ஒரே அடி அது.

இப்போது கவாசாகியில் இருக்கிறேன்.
நடைமேடையில், ரயில் கதவு திறக்கும் இடத்தில்,
வரிசைக்காக வட்டங்கள் வரைந்திருக்கிறார்கள்.
யாரும் சொல்லாமலே நான்காவதில் போய் நிற்கிறேன்.
முன்னால் நிற்பவர் முதுகுக்கும் எனக்கும்
ஒன்றரைக் கை தூரம், அளந்தாற்போல்.
பையில் சூடாக, காகிதத்தில் எண்ணெய் கசிய,
வறுத்த கானாங்கெளுத்தி.

ஆமாம் அம்மணி.
இன்று மீன்தான்.